இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்: கடையநல்லூரில் ஒரு வண்டி மாற்றம்

அன்று மதியம் கடையநல்லூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், ஒப்பந்தத் தாளை என் பக்கம் திருப்பிவைத்து, "மீட்டர் கணக்கு சரியா இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார் அன்வர் அண்ணன். சரியாக இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைவாக எழுதியிருந்தார். அது எனக்குக் காலையிலேயே தெரியும். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு எங்கே போனது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று எழுதத்தான் இந்தப் பதிவு. சாரல் காலத்தில் மதுரையிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கும், ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியைக் கொடுத்து வேறொன்று எடுக்க நினைப்பவர்களுக்கும் வேண்டிய விவரங்களையும் இடையிடையே எழுதியிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். உரியவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

என் வண்டி நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்டது. ஒற்றை சிலிண்டர், உயரமான கைப்பிடி, அகலமான இருக்கை, இரு பக்கமும் பெட்டிகள். ஐந்து வருடத்தில் முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு நாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். உண்மையான பதில் கொஞ்சம் கூச்சமானது. எதற்கும் தயாராக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. மழை உறை, பஞ்சர் பெட்டி, சின்ன அடுப்பு, இரண்டு நாளைக்கான உடை என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வீட்டையே கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். நான் படித்த பயண நூல்களில் போன ஊரைப் பற்றி நிறைய இருக்கும், சுமந்து போன மூட்டையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஒரு முறையாவது ஒன்றும் இல்லாமல், வேகமாக, தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பின் இருக்கையில் இந்த ஐந்து வருடமும் பை மட்டும்தான் உட்கார்ந்து வந்திருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

அன்வர் அண்ணனின் விளம்பரத்தை ஜூன் மாதம் இணையத்தில் பார்த்தேன். நானூறு சிசி, இரண்டு சிலிண்டர், பந்தய வண்டியின் குனிந்த உடம்பு. நிறுவனப் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் பின்னூட்டத்தில் சண்டை தொடங்கிவிடும். "விற்க இல்லை, டூரிங் வண்டியோடு மாற்றிக்கொள்ள மட்டும்" என்று போட்டிருந்தது. தொலைபேசியில் காரணத்தைச் சொன்னார். பதினொரு வருடம் வளைகுடாவில் வேலை. இந்த வண்டியை ஒரு விடுமுறையில் வாங்கி, விடுமுறைகளில் மட்டும் ஓட்டியிருக்கிறார். இப்போது ஊரோடு வந்துவிட்டார். முதுகுவலி வேறு, குனிந்து ஓட்ட முடியவில்லை. "இவள பின்னால வச்சு நாலு ஊரு போகணும் தங்கச்சி. பதினோரு வருசத்துல நான் இவளோட இருந்தது கூட்டிப் பார்த்தா பதினாலு மாசம். இந்த வண்டில பின்னால உட்கார மாட்டேங்கா." போன விடுமுறையில் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் எடுத்த மீட்டர் படத்தை அனுப்பினார்: 6,418. "அதுக்கப்புறம் ஓடல. தம்பி வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டார்ட் பண்ணி வைப்பான், அவ்வளவுதான்."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை 5.10க்கு மதுரையிலிருந்து கிளம்பினேன். முந்தின நாளே ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு வைத்திருந்தேன், அது ஊர் சேரும் வரை போதும். திருமங்கலம் தாண்டியதும் சாலை வேலை நடப்பதால் அங்கங்கே மாற்றுப்பாதை. இருட்டில் கிளம்புபவர்கள் கவனம், அறிவிப்புப் பலகை எல்லா இடத்திலும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 6.35க்கு ஒரு டீ. ராஜபாளையம் வரை வெறும் காலைதான். சிவகிரி தாண்டியதும் வலது பக்கம் மலை வந்து சேர்ந்துகொள்கிறது. வந்தது தெரியாது. மேகம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேகத்துக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு அசையாமல் இருந்தது. அது ஓர் ஓடை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவ்வளவும் மலை. புளியங்குடிக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டி ஐந்து நிமிடம் நின்றேன். வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில் கையில் விழுந்தன.

கடையநல்லூருக்கு 8.20. மதுரை வீட்டிலிருந்து 142 கிலோமீட்டர். தெரு முனையில் வழி கேட்டபோது, தறிச் சத்தம் கேட்கும் வீட்டுக்கு அடுத்த வீடு என்றார்கள். அப்படியே இருந்தது.

வாசலில் வண்டி நின்றது. கருநீலம். கழுவித் துடைத்து, சாரல் படாமல் மேலே ஒரு படுதா கட்டியிருந்தார்கள். என் வண்டி பக்கத்தில் நின்றபோது, பிரயாணத்துக்குக் கிளம்பிய மாட்டுவண்டி மாதிரி இருந்தது. அன்வர் அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். சிரித்த முகம், ஒரு கையை எப்போதும் இடுப்புக்குப் பின்னால் தாங்கலாக வைத்திருக்கிறார். அவர் மனைவி ரிஸ்வானா அக்கா கதவருகே நின்று என் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெட்டில என்னதான் வச்சிருக்கிய?"

"எல்லாம் வச்சிருக்கேன்க்கா. இன்னைக்குக் காலி பண்ணிடுவேன்."

"அடுப்புகூட இருக்குன்னாக மச்சான்," என்று அண்ணனைப் பார்த்தார். "நாங்க எங்கன போனாலும் சோறு கெடைக்கும். அத நீயே கொண்டுட்டுப் போயிரு."

வண்டியைச் சுற்றி வந்தேன். வலது பக்கம் ஒரு நீளக் கீறல். "அது நிக்க வச்சிருந்தப்ப எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்," என்றார் அண்ணன். சங்கிலி எண்ணெயோடு இருந்தது. டயரில் விரிசல் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் நின்ற வண்டிக்கு டயரின் கீழ்ப்பகுதி தட்டையாகியிருக்க வேண்டும், இதில் அப்படி ஆகவில்லை. சாவியைத் திருப்பினேன். திரையில் பயணத் தூரம் பூஜ்யம் என்று காட்டியது. பெரும்பாலும் இந்த வண்டிகளில் மொத்தத் தூரம் தெரிய ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினேன்.

6,630.

என் தொலைபேசியில் இருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். 6,418. அண்ணன் உள்ளே ஹெல்மெட் எடுக்கப் போயிருந்தார். யாரோ ஓட்டியிருக்கிறார்கள். பழைய வண்டி எடுப்பவர்களுக்குத் தெரியும், தூரம் பெரிய விஷயமே இல்லை, இருநூறு கிலோமீட்டரில் எந்த எஞ்சினும் தேய்ந்துவிடாது. ஆனால் ஒன்றை மறைத்தவர் இன்னும் எதை மறைத்திருப்பார் என்ற கேள்வி வந்துவிடும். வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பொத்தானைத் திரும்ப அழுத்தினேன்.

குற்றாலம் வரை சேர்ந்து போய் வருவது என்று ஏற்பாடு. அவர்கள் இருவரும் என் வண்டியில், நான் அவர்கள் வண்டியில். அண்ணன் தென்காசி வழியாகப் போகலாம் என்றார்.

"சனிக்கிழமை, தென்காசில எறங்கவே முடியாது," என்றார் அக்கா. "அச்சன்புதூர் வழியா போங்க. இலஞ்சில போயி ஏறிக்கிடலாம்."

"அந்த ரோடு எப்பிடி இருக்கோ என்னமோ."

"நல்லாத்தான் இருக்கு."

"ஒனக்கெப்பிடித் தெரியும்?"

"ஊர்ல இருக்கவளுக்கு ஊரு ரோடு தெரியாதா?"

9.15க்குக் கிளம்பினோம். குனிந்து உட்கார்ந்ததும் உடம்பின் எடை முழுக்க மணிக்கட்டுக்கு வந்தது. முதல் இரண்டு கிலோமீட்டர் இது எனக்குச் சரிவராது என்றுதான் நினைத்தேன். ஊரைத் தாண்டி வயல்கள் தொடங்கின. இரண்டாவது கியரில் கொஞ்சம் முறுக்கினேன். நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டியபோது எஞ்சினின் குரல் மாறியது. அதுவரை இரண்டு சிலிண்டர்கள் பேசிக்கொண்டிருந்தன, அதற்கு மேல் ஒரே குரலாகப் பாடத் தொடங்கிவிட்டன. என் பழைய வண்டி சாலையின் மேல் போகும். இது சாலையையே இழுத்துத் தன் கீழே விட்டுக்கொண்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் அறைந்தது, வண்டி அசையவில்லை. எதிரே மலை முழுக்க மேகம், மேகத்தின் அடியில் பச்சை. ஹெல்மெட்டுக்குள் நான் ஏதோ சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வேகம் எவ்வளவு என்று எழுத மாட்டேன். அடுத்த நிமிடமே குறைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போய்ச் சேர்ந்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். என் பழைய வண்டியின் பின் இருக்கையில் இருந்த ரிஸ்வானா அக்கா இடது கையைத் தாழ்வாக நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். வண்ணம் பூசாத ஒரு வேகத்தடை வந்தது. கூட்டமாகப் போகும் ஓட்டிகள் பின்னால் வருபவருக்குக் காட்டும் சைகை அது, ஏதோ காணொளியில் பார்த்திருக்கலாம். ஆனால் வேகத்தடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கை நீண்டது. அச்சன்புதூரைத் தாண்டி இன்னொன்றுக்கும் நீண்டது, ஒரு வாய்க்கால் பாலத்தின் பள்ளத்துக்கும் நீண்டது. வளைவுகளில் அண்ணனுக்கு முன்பாகவே அவர் உடம்பு சரியான பக்கம் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்து மட்டும் போனவர்களுக்கு ஒரு வளைவு அப்படித் தெரியாது. அச்சன்புதூரில் என் திரையில் பத்து கிலோமீட்டர். பேரருவியின் வாகன நிறுத்தத்தில் இருபத்திரண்டு. நேரம் 9.55.

சாரல் காலத்து சனிக்கிழமை, கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தத்துக்கு இருபது ரூபாய் வாங்கினார்கள். பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு, காவலர்கள் விசிலோடு நிற்கிறார்கள். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அன்று தொடவில்லை. தொலைவில் பார்க்கும்போது அருவி விழுவதாகத் தெரிகிறது. அடியில் போய் நின்றால் விழுவது தெரியாது, மேலே ஏதோ ஒன்று இருக்கிறது, அது நம்மை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றுதான் தோன்றும். முதுகில் அடித்த அடியில் மூச்சு நின்றது. நானும் அக்காவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம், இரண்டு மணி நேரப் பழக்கத்தில். வேறொரு இடத்தில் நான் அப்படிப் பிடிக்க மாட்டேன்.

அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து வர நேரமாகும் என்று தெரிந்தது. ஈரத்தோடு படியில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜியும் டீயும் வாங்கினோம். பக்கத்தில் ரம்புட்டான் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேட்கலாமா?"

"மீட்டர்தானே?" என்றார். "காலைல நீ அந்தப் பட்டன அமுக்கும்போதே பார்த்தேன். இருநூத்திப் பன்னெண்டு."

எண்ணைச் சரியாகச் சொன்னார். நான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கொழுந்தன் ரெண்டு வாரம் ஸ்டார்ட் பண்ணினான். மூணாவது வாரம் 'மதினி, நீங்க பார்த்துக்கிடுங்க'ன்னு சாவிய என்கிட்ட குடுத்துட்டான். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், லைசென்சும் இருக்கு. இது கியரு. சும்மா உட்கார்ந்து ஸ்டார்ட் மட்டும் பண்ணுவேன். அப்புறம் ஃபோன்ல பார்த்தேன், ஸ்டார்ட் பண்ணினா மட்டும் பத்தாதாம், ஓடணுமாம், இல்லைன்னா டயரு போயிருமாம். சரின்னு ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு, அவரு மழைக்கோட்டு, அவரு ஹெல்மெட்டு. யாருக்குத் தெரியும் உள்ள இருக்கது ஆம்பளையா பொம்பளையான்னு? அச்சன்புதூர் வரைக்கும் நாலு தடவ. இங்கன அருவி வரைக்கும் மூணு தடவ."

நான் மனதுக்குள் கூட்டினேன். போக வர இருபது, நான்கு தடவை எண்பது. போக வர நாற்பத்து நான்கு, மூன்று தடவை நூற்று முப்பத்திரண்டு. சற்று முன் அதே சாலையில் என் திரையில் பார்த்த அதே பத்து, அதே இருபத்திரண்டு.

"வீட்டில் யாருக்கும் தெரியாதா?"

"மாமிக்கு, அதான் அவரு உம்மாக்கு, தெரியும். யாரும் கேட்டா பால் வாங்கப் போயிருக்கான்னு சொல்லிருவாக."

"அண்ணன்கிட்ட ஏன் சொல்லலை?"

"மொதல்ல ஆச்சரியமா இருக்கட்டும், வந்தப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள ஒரு நாள் ஃபோன்ல, 'வண்டிய யாரும் தொடலையே?'ன்னு கேட்டாக. 'இல்ல'ன்னுட்டேன். ஒருக்க இல்லன்னு சொன்ன பெறகு எப்பிடி ஆமான்னு சொல்ல?"

"நிஜமாகவே அந்தப் பின் சீட் ஆகாதா உங்களுக்கு?"

"அது சீட்டா? பூனை உட்காருத எடம். ஒருக்க உட்கார்ந்து தென்காசி வரைக்கும் ஓதிக்கிட்டே போனேன். முன்னால உட்கார்ந்தப்பதான் அது வண்டின்னே தெரிஞ்சிச்சு."

வண்டியைக் கொடுக்க மனசில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே, மனசில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டவள் நான். அந்த வண்டி எனக்கு வேண்டும்.

ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே பேசினார். "கொண்டுட்டுப் போ. ஓடத்தான் வண்டி. என்ன, நீ கொண்டுட்டுப் போயிட்டா, நான் ஓட்டினதுங்கதே இல்லாமப் போயிரும்லா. அந்த மீட்டருக்கு மட்டுந்தான் தெரியும். இன்னும் ஒரு வருசம் கழிச்சு, நெசமாவே ஓட்டினோமா, கனவு கண்டோமான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்."

அதற்குள் தலையைத் துவட்டிக்கொண்டு அன்வர் அண்ணன் வந்தார். "என்ன, ரெண்டு பேரும் ஊர்க்கதையா?" என்றார். "பஜ்ஜி நல்லாருக்கு மச்சான்," என்றார் அக்கா.

திரும்பும்போது ஒரு கடையில் பரோட்டாவும் மிளகுக் கோழியும் சாப்பிட்டோம். அண்ணன் என்னைக் காசு எடுக்க விடவில்லை. வந்த வழியிலேயே வந்து, கடையநல்லூர் சேர்ந்தபோது மணி 1.20.

முதல் பத்தியில் சொன்ன கூடம் இதுதான். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தாளில் அழகான கையெழுத்தில் ஒப்பந்தம் எழுதினார். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண். என் வண்டிக்கு வெளியே போய் மீட்டரைப் பார்த்து எழுதினார். தன் வண்டிக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. "நான் போகும்போது 6,418. இன்னைக்குப் போயி வந்தது 44. ஆக 6,462." ஒரு வருடம் வீட்டை எண்களாலும் படங்களாலும் மட்டும் பார்த்தவருக்கு, வாசலில் நிற்கும் வண்டியைவிட படத்தில் இருந்த எண்மேல் நம்பிக்கை அதிகம்.

"மீட்டர் கணக்கு சரியா இருக்கா தங்கச்சி?"

திருத்தினால், அக்கா என்னிடம் சொன்ன ஒன்றை நான் அவரிடம் போட்டுடைத்ததாகும். கையெழுத்துப் போட்டால், ஏழு வெள்ளிக்கிழமைகள் அந்தத் தாளில் இல்லாமல் போகும். இரண்டும் என் வேலை இல்லை என்று தோன்றியது. பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன். சமையலறையில் கண்ணாடி டம்ளர்களின் சத்தம் நின்றது.

"மச்சான், மீட்டரப் பார்த்து எழுதுங்க." ரிஸ்வானா அக்கா சர்பத் தட்டோடு கதவில் நின்றார்.

"பார்க்க என்னத்த? படம் இருக்குல்லா."

"படம் இருக்கட்டும். வண்டி வெளிய நிக்குல்லா. போயிப் பாருங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் தொலைபேசி. "இருநூத்திச் சொச்சம் கூட இருக்கு! அந்தப் பய எடுத்து ஊரு சுத்தியிருக்கான். இந்தா கேக்கேன் அவன."

"ஃபோன வைங்க. அவன் இல்ல. நாந்தான்."

"நீ என்ன?"

"நாந்தான் ஓட்டினேன்."

அவர் சிரித்தார். "ஏட்டி, வந்த பிள்ளை முன்னால வெளையாடாத."

"வெளையாடல. வண்டி சூடாயிட்டா நியூட்ரல் விழாது. எஞ்சின அணைச்சுட்டுத்தான் போடணும். உண்டா இல்லையா?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "உண்டு," என்றார். என்னைப் பார்த்து, ஏதோ மன்னிப்புக் கேட்பது போல, "அது நான் ஒங்கள்ட்டகூட சொல்லல தங்கச்சி. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்," என்றார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். சாவி, மழைக்கோட்டு, அச்சன்புதூர், அருவி. முடிந்ததும் அண்ணன் குரல் தணிந்திருந்தது. "விழுந்திருந்தா? கியரு லைசென்சும் இல்ல. எனக்கு அங்கன யாரு சொல்லியிருப்பா?"

"அது தப்புத்தான்," என்றார் அக்கா. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கேட்டார்: "எத்தன தடவ கீழ போட்ட?"

"ஒருக்ககூட இல்ல."

"ஒருக்ககூடவா? இலஞ்சி வளைவுல?"

"அங்கன மணலு கெடக்கும். முன்னாலயே கொறச்சிரணும்."

அவர் தலையை ஆட்டினார். "நான் அங்கனதான் போட்டேன்."

"தெரியும். கீறலப் பார்த்தேன். நிக்க வச்சிருந்தப்ப எவனோ இடிச்சான்னு சொன்னிய."

காலையில் என்னிடமும் அதையேதான் சொன்னார். நான் சர்பத் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன். முதலில் சிரித்தது அவர்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. பிறகு தன் மனைவியைப் பார்த்தார். நான் அன்று மலையைப் பார்த்தேன், அருவியைப் பார்த்தேன். அன்வர் அண்ணன் அப்போது பார்த்த பார்வையும் அவற்றைப் பார்க்கும் பார்வைதான். பதினொரு வருடமாக அவர் வீட்டில் இருந்த ஒன்று எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தாளை இழுத்து, 6,462ஐ அடித்துவிட்டு, மேலே 6,674 என்று எழுதினார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்ப வண்டிய மாத்தவா, வேண்டாமா? நீ சொல்லு," என்றார்.

அக்கா வாசலில் நின்ற இரண்டு வண்டிகளையும் பார்த்தார்.

"மாத்துங்க. அதுல ஒரு ஆளுதான் போக முடியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, ஒன் வண்டில நியூட்ரல் விழுமா?"

"நல்லா விழும்க்கா."

நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் யாருக்கும் ரூபாய் எதுவும் தரவில்லை. அவர் வண்டி என்னுடையதைவிட இரண்டு வருடம் பழையது, என் வண்டி அதிகம் ஓடியது, பெட்டிகளோடு சேர்த்துச் சரியாகப் போயிற்று. அடுப்பை மட்டும் ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று தென்காசியில் தங்கினேன், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து விடுதி, தனி அறை ஆயிரத்து இருநூறு ரூபாய். வண்டியை உள்ளே நிறுத்த இடம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்குக் கோவிலுக்கு நடந்து போனேன். கோபுர வாசலில் அடிக்கும் காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். நுழையும்போது எதிரே தள்ளுகிறது, இரண்டடி உள்ளே போனதும் முதுகில் கைவைத்து உள்ளே கொண்டுபோகிறது. காலையில் வண்டியில் நான் தேடிப்போய் முட்டிக்கொண்ட அதே கணவாய்க் காற்று. இங்கே நின்றுகொண்டிருந்தவளுக்குச் சும்மாவே கிடைத்தது. கல்லில் சாய்ந்து அரை மணி நேரம் நின்றேன். என்னைப் போலவே நாலைந்து பேர் ஒன்றும் செய்யாமல் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை 5.30க்குக் கிளம்பி 8.35க்கு மதுரை. நின்றது ஒரே இடத்தில். வந்தபோது எடுத்ததைவிட ஐந்து நிமிடம்தான் குறைவு, தூரம் பதினாறு கிலோமீட்டர் கூட. வேகமான வண்டி வாங்கினால் சீக்கிரம் போகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். போகும் நேரம் சாலையின் கையில் இருக்கிறது. மாறுவது, அந்த நேரத்தில் நாம் எவ்வளவு விழித்திருக்கிறோம் என்பதுதான். மணிக்கட்டும் கழுத்தும் இரண்டு நாள் வலித்தன. முதுகுப் பை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். சாரல் காலத்தில் செங்கோட்டைப் பக்கக் காற்று திடீரென்று பக்கத்திலிருந்து வரும், கைப்பிடியை இறுக்காமல் தளர்வாகப் பிடியுங்கள், வண்டி தானே சரியாகிவிடும்.

வண்டி மாற்றுகிறவர்களுக்கு: 29, 30 படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள், கடன் பாக்கி பதிவில் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், காப்பீட்டை இரண்டு வாரத்துக்குள் பெயர் மாற்றுங்கள். சூடான எஞ்சினில் நியூட்ரல் விழுகிறதா என்று பாருங்கள். எனக்கு கிளட்ச் கம்பியைச் சரிசெய்ததும் அந்தக் குறை போய்விட்டது. மீட்டரை நேரில், பொத்தானை அழுத்திப் பாருங்கள். எண் பொருந்தவில்லை என்றால் உடனே கோபப்பட வேண்டாம். டயரைப் பாருங்கள், சங்கிலியைப் பாருங்கள். அந்தக் கூடுதல் கிலோமீட்டர்களை ஓட்டியவர் வண்டியை நன்றாக வைத்திருந்தவராகவும் இருக்கலாம்.

நவம்பரில் ரிஸ்வானா அக்கா கியர் வண்டி உரிமம் வாங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் பழைய வண்டியில் ஆலங்குளம் வரை போய் வந்தார்கள். போக வர எழுபத்து நான்கு கிலோமீட்டர். அக்கா ஓட்டினார். அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார்.